ஊர்ப் பேச்சு: மாடு ஜெயித்ததா, சாரதி ஜெயித்தாரா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் எந்த டீக்கடையில் நின்றாலும் மூன்று பேச்சு காதில் விழும். மழை எப்போது வரும், மல்லிகைப் பூ இன்று என்ன விலை, சீமைக்கருவேலத்தை எப்படி ஒழிப்பது. இந்த மூன்றும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். நாலாவதாக ஒரு பேச்சு உண்டு. அது ஆரம்பித்தால் கடைக்காரர் இரண்டாவது ரவுண்டு டீ போட வேண்டியிருக்கும்.

மாட்டு வண்டிப் பந்தயத்தில் இதுவரை ஓட்டியவர்களிலேயே பெரிய சாரதி யார்?

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"என்ன மாமா சொல்றீக? அந்த ஆளு கயித்தப் புடிச்சா மாடு ரோட்டுல ஓடாது, பறக்கும்."

"பறந்தது மாடு மாப்ள. அவரு மேல உக்காந்து போனாரு, அவ்வளவுதான். அந்த மாட்டுல உங்க அப்பாவ ஏத்தி விட்டிருந்தாலும் ஜெயிச்சிருப்பாரு."

"அப்ப அதே மாட்ட மறு வருசம் வேற ஆளு ஓட்டுனப்ப ஏன் நாலாவதா வந்துச்சு?"

இந்த இடத்தில் மாமா ஒரு மடக்கு டீ குடிப்பார். பதில் தேடுகிறார் என்று அர்த்தம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வெட்டிப் பேச்சாகத் தோன்றலாம். கொஞ்சம் நின்று கேட்டால், இதற்குள் ஒரு நியாயமான கேள்வி இருப்பது தெரியும். ஒரு வெற்றியில் யாருக்கு எவ்வளவு பங்கு? யார் பெயர் நிற்கிறது, யார் பெயர் மறைகிறது?

எட்டு மைல் ஓட்டம்

பார்த்திராதவர்களுக்காகப் பந்தயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

ரேக்ளா என்றதும் பலருக்கு நினைவு வருவது பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். அங்கே ஓட்டம் 200 மீட்டர், 300 மீட்டர்தான். வண்டிகள் தனித்தனியாக ஓடும். கடிகாரத்தில் நேரம் பார்த்து யார் முதல் என்று சொல்வார்கள். இன்றைய வண்டியின் நேரத்தைப் போன வருட வண்டியின் நேரத்தோடு ஒப்பிடலாம். சண்டைக்கு அதிக இடமில்லை.

தெற்கே கதை வேறு. விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி மாவட்டங்களில் நடப்பது நீண்ட ஓட்டம். தார்ச் சாலைதான் களம். இன்றும் தூரத்தை மைலில்தான் சொல்வார்கள். பெரிய மாடு என்றால் போக வர 8 மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர் என்று வைப்பது வழக்கம். சின்ன மாட்டுக்குத் தூரம் குறையும். மாட்டின் வயதையும் உயரத்தையும் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று ஊருக்குத் தக்கபடி பெயர்கள் இருக்கும். பூஞ்சிட்டும் தேன்சிட்டும் இளங்கன்றுகளுக்கான பிரிவுகள். பெயரைக் கேட்டாலே அளவு புரிந்துவிடும்.

எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பும். நிறைய வண்டி வந்துவிட்டால் ஒரே பிரிவை இரண்டாகப் பிரித்து ஓட விடுவார்கள். எல்லை வரை போய்த் திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வரவேண்டும். பல ஊர்களில் எல்லையில் ஒருவர் கொடியோடு நிற்பார். முதலில் வந்து கொடி வாங்கும் வண்டிக்குத் தனிப் பரிசு உண்டு. கொடி வாங்கிய வண்டியே கடைசியிலும் ஜெயிக்கும் என்று எந்த நிச்சயமும் இல்லை. டீக்கடைச் சண்டைகளில் பாதி இந்தக் கொடியில்தான் ஆரம்பிக்கும்.

விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல்தான். அதற்கு முன் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. கோடு போட்டுப் பிரித்தாலும் பந்தயக்காரர்களுக்கு அந்தக் கோடு தெரியாது. நரிக்குடிக்காரர் கமுதி போவார். கடலாடிக்காரர் விளாத்திகுளம் போவார். கோயில் பொங்கல், கொடை, தலைவர்களின் பிறந்தநாள் என்று எங்கே பந்தயம் அறிவித்தாலும், முதல் நாள் ராத்திரியே மினி லாரியில் மாடு வந்து இறங்கிவிடும்.

கயிற்றைப் பிடித்தவர் என்ன செய்கிறார்?

மாமா சொல்வதுபோல் சாரதி சும்மா உட்கார்ந்துதான் போகிறாரா? ஓட்டத்தை நாலு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதல் துண்டு, கிளம்பும் இடம். பத்து இருபது ஜோடி மாடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மைக்செட் அலறுகிறது. கூட்டம் விசிலடிக்கிறது. மாடு மிரண்டால் ஓட்டம் தொடங்கும் முன்பே முடிந்தது. இந்த இடத்தில் நல்ல சாரதி அதட்ட மாட்டார். கயிற்றைத் தளர்த்தி, மாட்டுக்குப் பழக்கமான சத்தம் கொடுத்து நிறுத்தி வைப்பார். மாடுகளுக்கு அவர் குரல் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, போகும் வழி. இங்கேதான் புது ஆட்கள் ஏமாறுவார்கள். கொடி ஆசையில் முழு வேகத்தையும் போகும்போதே செலவழித்துவிடுவார்கள். எட்டு மைலில் நாலு மைல் மிச்சமிருப்பது மாட்டுக்குத் தெரியாது. தெரிய வேண்டியது சாரதிக்கு. மாட்டின் மூச்சு, வாயில் நுரை, காது நிற்கும் விதம், கால் வைக்கும் தாளம் எல்லாம் பார்த்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். முன்னால் போகிறவரைப் பார்த்தும் அடக்கி ஓட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

மூன்றாவது, திருப்பம். ஜோடி மாடு ஒரே நுகத்தடியில் பூட்டப்பட்டது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் வலத்து மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்தில் சுழல வேண்டும். இடத்து மாடு பெரிய வட்டம் போட்டு ஓடி வரவேண்டும். ஒன்றுக்குக் கயிறு இறுக்கம், இன்னொன்றுக்குத் தளர்வு, இரண்டும் ஒரே நொடியில். இதில் தவறினால் ஏர்க்கால் மாட்டின் விலாவில் இடிக்கும். சக்கரம் தூக்கும். பின்னால் வருகிற வண்டி மேலே ஏறும். பந்தய வண்டி பாரம் ஏற்றும் வண்டியைப் போல் கனமானதல்ல. எடை குறைவு என்பதால் கவிழ்வதும் சுலபம்.

நாலாவது, திரும்பி வரும் வழி. மாடு களைத்திருக்கும். கூடவே இருசக்கர வண்டிகளில் சத்தம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வரும். அந்தப் புழுதிக்கும் இரைச்சலுக்கும் நடுவே, அடக்கி வைத்திருந்ததை எந்த இடத்தில் அவிழ்ப்பது என்பதே கேள்வி. அரை மைல் முன்னால் அவிழ்த்தால் கடைசியில் காற்றுப் போய்விடும். அரை மைல் பின்னால் அவிழ்த்தால் முன்னால் போனவர் கோட்டைத் தாண்டியிருப்பார்.

துணைச் சாரதியையும் மறக்கக் கூடாது. தேவையான இடத்தில் குதித்து இறங்கி மாட்டோடு ஓடி, மறுபடி ஓடுகிற வண்டியில் தாவி ஏறுகிறவர் அவர். சாரதி பெயராவது நாலு பேருக்குத் தெரியும். துணைச் சாரதி பெயர் அவர் தெருவைத் தாண்டாது.

மாட்டுக் கட்சியின் வாதம்

மாட்டின் பக்கம் பேசுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல.

மழை பொய்க்கும் பூமி இது. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விரல்விட்டு எண்ணலாம். இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜோடிப் பந்தய மாடு வைத்திருப்பதே பெரிய காரியம். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, உளுந்து, பேரீச்சம்பழம் என்று தீவனம் போடவேண்டும். நடை பழக்கவேண்டும். கண்மாயில் தண்ணீர் இருந்தால் நீச்சல் அடிக்க விடவேண்டும். அந்த மாடு ஏர் உழாது, பாரம் இழுக்காது. வருமானம் தராத ஜீவனுக்கு வருடம் முழுவதும் செலவு. பிள்ளைகளுக்கு வாங்காத பேரீச்சம்பழத்தை மாட்டுக்கு வாங்கினார் என்று வீட்டுக்காரம்மாவிடம் பேச்சு வாங்காத மாட்டுக்காரர் குறைவு. அத்தனையும் தாங்கியவர் பெயரைத்தானே மைக்கில் சொல்ல வேண்டும்?

சொல்கிறார்கள். முதல் பரிசு இன்ன ஊர் இன்னார் மாடு என்றுதான் அறிவிப்பு வரும். ஃபிளெக்ஸிலும் அவர் பெயர்தான். மறுநாள் செய்தியிலும் அவர்தான். சாரதிக்குத் துண்டு போடுவார்கள். சில ஊர்களில் சாரதிக்கும் தனிப் பரிசு கொடுக்கிறார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து அந்தப் பந்தயத்தைத் தேடினால், மாட்டுக்காரர் பெயர் கிடைக்கும். சாரதி பெயர் அநேகமாகக் கிடைக்காது.

பனித் தரையிலும் இதே சண்டை

இந்த வழக்கு கரிசல் காட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. கொஞ்சம்கூடச் சம்பந்தமில்லாத ஓர் ஊரைப் பார்ப்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஈகிள் ரிவர் என்ற சின்ன ஊர். இங்கே புழுதி பறக்கும் ஜனவரியில் அங்கே தண்ணீர் கல்லாக உறைந்திருக்கும். அரை மைல் சுற்றளவில் முட்டை வடிவத்தில் பனிக்கட்டிப் பாதை போட்டு, ஸ்னோமொபைல் எனும் வண்டியில் பந்தயம் விடுவார்கள். முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் ஓடும் பட்டை, மோட்டார் பைக் போன்ற கைப்பிடி. 1964 முதல் நடக்கும் பந்தயம் அது.

1974-இல் அங்கே ஜெயித்தவர் கனடாவின் ஜில் வில்நெவ். பிறகு கார் பந்தயத்துக்குப் போய் ஃபெராரி அணியில் ஃபார்முலா ஒன் ஓட்டி, ஆறு பந்தயங்களில் ஜெயித்து உலகப் புகழ் பெற்றார். 1982 மே மாதம் பெல்ஜியத்தில் தகுதிச் சுற்று ஓட்டும்போது விபத்தில் இறந்தார். அவருடைய தம்பி ஜாக் வில்நெவ். அவர் பனித் தரையிலேயே நின்றார். 1980, 1982, 1986 என்று மூன்று முறை ஈகிள் ரிவரில் ஜெயித்தார். அண்ணனின் மகனுக்கும் சித்தப்பாவின் பெயர்தான். அந்த இளைய ஜாக் 1997-இல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனார்.

பனித் தரையில் அண்ணன் பெரியவரா, தம்பி பெரியவரா? எண்ணிப் பார்த்தால் தம்பி. பெயரைப் பார்த்தால் அண்ணன். வேகமான வண்டி யாரிடம் இருந்தது என்று மூன்றாவது ஆள் கேட்பார். திருச்சுழி டீக்கடையில் ஓடும் அதே வழக்கு, குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு.

வண்டியா, ஆளா என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் கோவை நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டினார். பிறகு 2011, 2012-இல் ஹெச்.ஆர்.டி. அணியில் ஓட்டினார். அந்த வண்டி வரிசையின் கடைசியில் போராடிய வண்டி. அதில் உலகின் சிறந்த ஓட்டுநரை உட்கார வைத்தாலும் முன்னால் வந்திருக்க முடியாது. அப்படியானால் நரேனின் திறமையை எதை வைத்து அளப்பது? சோப்ளாங்கி மாட்டைப் பூட்டிக்கொண்டு நாலாவதாக வந்த சாரதியின் நிலைமையும் அதுதான்.

இதற்கு ஓரளவு விடை சொன்னவர் அர்ஜென்டினாவின் ஃபான்ஜியோ. 1950-களில் ஐந்து முறை உலக சாம்பியன். ஆல்ஃபா ரோமியோ, மெர்சிடிஸ், ஃபெராரி, மாசெராட்டி என்று நாலு கம்பெனி வண்டிகளில் ஓட்டி அந்தப் பட்டங்களை எடுத்தார். 51 பந்தயங்களில் 24 வெற்றி. வண்டி மாறிக்கொண்டே இருந்தது. ஜெயித்த ஆள் மாறவில்லை.

டீக்கடைக்குத் தேவையான அளவுகோல் இதுதான். ஒரே மாட்டுக்காரரிடம் ஓட்டி ஐந்து முதல் பரிசு வாங்கியவரைவிட, ஐந்து மாட்டுக்காரர்களின் ஐந்து ஜோடிகளில் ஓட்டி மூன்று வாங்கியவர் ஒரு படி மேலே. மாப்பிள்ளை கேட்ட கேள்வியும் இதையே சொல்கிறது: அதே மாடு, வேறு ஆள், என்ன ஆயிற்று? ஆனால் இந்தக் கணக்கைப் போட யாரிடமாவது பட்டியல் இருக்க வேண்டுமே.

கல்லில் எழுதிய சாரதி

ரோம் நகரில் இருந்தது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், டயோக்கிளிஸ் என்ற தேரோட்டி அங்கே ஓட்டினார். 24 வருடம் ஓட்டி 42 வயதில் ஓய்வு பெற்றார். அவருக்கு வைத்த கல்வெட்டில் அவருடைய முழுக் கணக்கும் இருக்கிறது. 4,257 பந்தயங்கள், 1,462 வெற்றிகள். வெற்றிகளையும் வகை பிரித்திருக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே முன்னால் போய் ஜெயித்தது 815. கடைசிப் பாய்ச்சலில் ஜெயித்தது 502. பின்தங்கியிருந்து மேலே வந்து ஜெயித்தது 67.

மூன்றில் ஒரு பந்தயம் ஜெயித்திருக்கிறார். ஆனால் கடைசி வரை அடக்கி வைத்து ஓட்டியவரா, முதலிலேயே பாய்ந்தவரா என்ற டீக்கடைக் கேள்விக்கும் அந்தக் கல்லில் பதில் இருக்கிறது என்பதே ஆச்சரியம்.

நம் பக்கம் பார்த்தால் சங்கப் பாடல்களில் தேர் ஓட்டுபவர் அடிக்கடி வருகிறார். வேலை முடிந்து ஊர் திரும்பும் தலைவன், வீட்டில் காத்திருப்பவளை நினைத்து, தேரைச் சீக்கிரம் விடச் சொல்வான். பாகன் என்றும் வலவன் என்றும் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவான், பெயரைச் சொல்வதில்லை. பாரதத்தில் கண்ணன் பெரிய சாரதி என்றால் அவர் கடவுள் என்பதால் பெயர் நின்றது. சாதாரணச் சாரதிக்கு அந்த வசதி இல்லை.

கரிசல் காட்டுச் சாரதியின் கணக்கு எழுதப்பட்டிருப்பது பார்த்தவர்களின் மண்டைக்குள்தான். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது, கல்வெட்டு ஒன்று உடைந்து போகிறது. இன்று யூடியூபில் பந்தய வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. மேலிருந்து ட்ரோன் எடுத்த படங்கள்கூட வருகின்றன. ஆனால் தலைப்பைப் பாருங்கள். ஊர் பெயர், மாட்டுக்காரர் பெயர், பரிசுத் தொகை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் தெரிகிறவர் யார் என்று கீழே ஒருவர் கேட்டிருப்பார். பதில் இருக்காது.

நீதிமன்றம் வரை போன பந்தயம்

ஜல்லிக்கட்டு வழக்கு எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கின் ஆரம்ப முடிச்சு ஒரு மாட்டு வண்டிப் பந்தயம் என்பது பலருக்குத் தெரியாது. 2006-இல் ராமநாதபுரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மனு போனது. அனுமதி கேட்ட இடத்தில் தடை கிடைத்தது. ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டும் சேர்த்துத் தடுக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2007-இல் அது மாறியது. வழக்கு டெல்லி போய், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் திரண்டது. தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

தடை கேட்டவர்கள் சொன்ன காரணங்களைக் காது கொடுத்துக் கேட்காமல் இருக்க முடியாது. வாலை முறுக்குவது, கூரான குச்சியால் குத்துவது, களைத்த மாட்டை அடித்து ஓட்டுவது. இவை நடக்கவே இல்லை என்று பந்தயக்காரர்களாலும் சத்தியம் பண்ண முடியாது. எல்லோரும் அப்படித்தான் என்பதும் உண்மையில்லை.

இங்கே சாரதிக் கேள்வி வேறொரு கனம் பெறுகிறது. அடித்து ஓட்டி முதல் பரிசு வாங்கியவரை என்ன சொல்வது? பழைய ஆட்கள் இதில் ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள். வண்டி நின்றதும் சாரதியைப் பார்க்க மாட்டார்கள், மாட்டைப் பார்ப்பார்கள். முதுகில் தழும்பு இருக்கிறதா, வால் எப்படி இருக்கிறது, அவர் பக்கத்தில் போனால் மாடு ஒதுங்குகிறதா, தலையைக் கொடுக்கிறதா? ஒதுங்கினால் பரிசு அவருக்கு, பேர் அவருக்கில்லை. குரலாலும் கயிற்றாலும் மட்டும் ஓட்டி இரண்டாவது வந்தவரைத்தான் இவர்கள் இருபது வருடம் கழித்தும் பேசுவார்கள்.

பந்தயம் தொடர்ந்து நடக்க வேண்டுமென்றால், அடுத்த முறை யாராவது நீதிமன்றப் படி ஏறும்போது காட்டுவதற்கு இப்படிப்பட்ட சாரதிகளின் பெயர்கள் வேண்டும். பெயரே இல்லாதவரை எப்படிச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

வீட்டில் இருப்பவர்களின் தீர்ப்பு

டீக்கடையில் உட்காராத ஒரு தரப்பும் உண்டு. சாரதியின் வீட்டில் இருப்பவர்கள். பந்தயத்தன்று காலையில் கிளம்பிப் போனவர் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் சோறு இறங்காது. கவிழ்ந்த வண்டிக்கு அடியில் சிக்கினால் மாட்டுக்கும் ஆளுக்கும் ஒரே கதிதான். கால் முறிந்து ஆறு மாதம் படுத்தால், பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் பெரிய சாரதி யார் என்று கேட்டால், முழுசாக வீடு வந்து சேருகிறவர் என்பார். மறுக்க முடியாத பதில். எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும், எந்த வண்டியோடு உரசக் கூடாது என்று தெரிந்திருப்பதும் சாரதித்தனம்தான்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. முன்பெல்லாம் சாரதி தனியாக உருவாக வேண்டியதில்லை. சந்தைக்கு வண்டி ஓட்டிய பையன், களத்துக்குக் கதிர் ஏற்றி வந்த பையன், எல்லோரும் பத்து வயதிலேயே கயிறு பிடித்தவர்கள். ஆயிரம் பேர் ஓட்டினார்கள், அதில் பத்துப் பேர் பெரிய சாரதி ஆனார்கள். இன்று டிராக்டர் உழுகிறது, மினி லாரி சுமக்கிறது. வண்டி மாடு என்பதே பந்தயத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. பழகும் கூட்டம் சுருங்கிவிட்டால், உச்சியில் வருகிறவர்களும் குறைவார்கள். அதனால்தான் பெரிய சாரதி என்று கேட்டால் பெரியவர்கள் எல்லோரும் பழைய பெயர்களையே சொல்கிறார்கள். பழமை மோகம் என்று மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது.

நாற்பது ரூபாய் நோட்டு

இதற்கெல்லாம் அரசாங்கம் வந்து எதுவும் செய்ய வேண்டாம். விழாக் கமிட்டி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினால் போதும். எட்டுக் கட்டம்: தேதி, ஊர், பிரிவு, மாட்டுக்காரர், சாரதி, துணைச் சாரதி, கொடி வாங்கியது யார், கடைசியில் எந்த இடம். பெயர் கொடுக்கும்போதே மாட்டுக்காரரிடம் ஓட்டப்போகிறவர் பெயரையும் கேட்டு எழுதிவிடலாம். மைக்கில் பரிசு அறிவிக்கும்போது மூன்று பெயரையும் வரிசையாகப் படிக்கலாம். அரை நிமிடம் கூடும்.

வீடியோ எடுக்கிற தம்பிகள் தலைப்பில் ஒரு பெயர் கூடச் சேர்க்கலாம். வீட்டில் பழைய பந்தயம் பார்த்த தாத்தா இருந்தால், பேரப் பிள்ளைகள் செல்போனை எடுத்து அவர் பக்கம் நீட்டி, நீங்க பார்த்ததுல யாரு தாத்தா பெரிய சாரதி என்று ஒரு தடவை கேட்கலாம். எந்த வருடம், எந்த ஊர், யார் மாடு, எந்தத் திருப்பத்தில் என்ன செய்தார் என்று அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்துகொள்ளலாம்.

இப்படிப் பத்து வருடம் எழுதி வைத்தாலும் மாமாவும் மாப்பிள்ளையும் சமாதானம் ஆகப் போவதில்லை. ஒரு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நோட்டில் சாரதியின் பெயர் இருக்கும். அவருடைய பேத்தி என்றைக்காவது புரட்டிப் பார்த்தால், தன் தாத்தா எந்த ஊரில் கொடி வாங்கினார் என்று அவளுக்குத் தெரியும்.